செவலையின் மூக்கணாங்கயிறு

என் வண்டியில் சாட்டை இருந்ததில்லை. தார்க்குச்சியும் இருந்ததில்லை. சந்தேகம் இருந்தால் தொழுவத்துக்குப் போய் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. முப்பத்தைந்து வருஷமாக மாட்டை அடிக்காமல் வண்டி ஓட்டியவன் என்று சொல்லி, மாட்டுப் பொங்கலன்று கோவில்பட்டியில் மேடை போட்டு எனக்கு ஒரு சான்றிதழும் சால்வையும் தரப் போகிறீர்களாம். நல்லது. ஊர்ப் பெரியவர் கோபாலசாமிதான் என் பெயரை எழுதிக் கொடுத்தார் என்றீர்கள். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை.

உங்கள் படிவத்தில் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாயிற்று. பெயர் கருத்தையா. வயது அறுபத்திரண்டு. அடிமாட்டுக்கு விற்றதுண்டா என்றால் கிடையாது. வயதாகிச் செத்ததையெல்லாம் என் புஞ்சையிலேயே புதைத்திருக்கிறேன். தீவனம், லாடம், வைத்தியம் எல்லாம் சொன்னேன். ஏழாவது கேள்வியை வாசித்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் நீங்களாகவே ‘இல்லை’ என்று எழுதப் போனீர்கள். தங்களால் தங்கள் மாட்டுக்கு எப்போதேனும் காயம் ஏற்பட்டதுண்டா என்பது கேள்வி. அதில் பேனாவை வைக்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். என் பெண்டாட்டி செண்பகவல்லி மோர் கொண்டு வந்து வைத்திருக்கிறாள், குடியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதானே உங்களுக்கு பஸ்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு சோடி மாடு இருந்தது. வலது பக்கம் செவலை, இடது பக்கம் மயிலை. இரண்டையும் கன்றாக வாங்கி நானே பழக்கினேன். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பேன், வாலடியில் கால் கட்டைவிரலால் லேசாகத் தொடுவேன். அவ்வளவுதான். இங்கிருந்து பஸ் நிற்கிற கடம்பூர் ரோட்டு விலக்குக்கு நாலு மைல். செண்பகவல்லியின் தங்கை கல்யாணத்துக்குப் போகையில், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அந்த நாலு மைலை அரை மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். ஊரே அதைப் பல நாள் பேசியது. ஒரு அடி அடித்ததில்லை, மாடுகளுக்கு வாயில் நுரை தள்ளவில்லை.

மயிலை என்னைத் தவிர யாரையும் கிட்டே விடாது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றால் செண்பகவல்லிகூடத் தண்ணீர் காட்டப் போகமாட்டாள். எனக்கு அதில் பெருமைதான், இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும். ஒரு தடவை தங்கச்சாமி, பக்கத்துப் புஞ்சைச் சாமித்துரையின் தம்பி, தன் கம்பங்கொல்லைப் பக்கம் வந்த மயிலை மேல் ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்துவிட்டான். காயம்கூடப் படவில்லை. ஆனால் அவனைத் தெருவில் நிறுத்தி, நாலு பேர் கேட்க ஒன்று சொன்னேன். “இனி எவன் கையாவது எம் மாட்டு மேல பட்டுச்சுன்னா, அந்தக் கை இருக்காது. கல்லு பட்டாலும் சரி, கட்டி பட்டாலும் சரி.” அதற்குப் பிறகு ஊரில் யாரும் என் மாடுகளைப் பார்த்துக் கையை ஓங்கியதில்லை. நான் கேட்டதும் அதுதான்.

எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில் மழை ஏமாற்றியது. விதைத்து முளைத்து முழங்கால் உயரம் வந்த சோளம் இருபது நாளாகத் தண்ணீர் காணாமல் வாடிச் சுருண்டு நின்றது. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம் என்பது இந்தக் கரிசல் காட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நாலு வாய் கடித்தால் போதும், மாடு ஒரு மணி நேரம் தாங்காது. அதனால் அந்த மாதிரி நாட்களில் எல்லாரும் மாட்டைக் கட்டியே போடுவோம். நானும் மயிலையை என் புஞ்சை ஓரத்தில் முளை அடித்துக் கட்டியிருந்தேன். கயிறு கொஞ்சம் நைந்திருந்தது. புதுக் கயிறு வீட்டில் தயாராக இருந்தது, மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். செவலையைக் குளிப்பாட்ட நான் கண்மாய்க்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது முளையில் அரை முழக் கயிறு தொங்கியது. மயிலை பக்கத்துப் புஞ்சையில், சாமித்துரையின் சோளத்துக்கு நடுவே சாய்ந்து கிடந்தது. வயிறு உப்பி, கால்கள் விறைத்து, வாயோரம் பச்சை நுரை. முப்பது அடி தள்ளி, வரப்பு மேல் சாமித்துரை நின்றுகொண்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தான். நான் ஓடிப் போய்க் கருப்பட்டியைக் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை. என் மடியில் தலையை வைத்தபடியே மயிலை போய்விட்டது. அன்றைக்கு நான் அழுதேன். அதற்கு முன்னும் பின்னும் அழுததில்லை.

மறுநாள் ஊர் கூடியது. நான்தான் கூட்டச் சொன்னேன். கோபாலசாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். சாமித்துரை என் மாட்டைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்தான், அவன்தான் கொன்றான் என்றேன். அவன் முகம் கறுத்துப்போயிற்று. எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“நான் ஒங்க மாட்ட ஒரு அடி அடிச்சேனா? அது மேல கைய வச்சேனா? அது பாட்டுக்குக் கயித்த அத்துக்கிட்டு வந்துச்சு, தின்னுச்சு. கை வச்சாலும் குத்தம், வைக்காட்டாலும் குத்தம்னா நான் எங்கன போவ அண்ணாச்சி?”

கோபாலசாமி என் பக்கம் திரும்பினார். “கட்டுனது நீரு. அத்துப்போனது ஒம்ம கயிறு. கை வைக்காதவன் மேல நாம என்ன குத்தம் சொல்ல முடியும் கருத்தையா?” என்றார். கூட்டம் தலையை ஆட்டியது. அந்தத் தலைகளையெல்லாம் நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கை வைக்காவிட்டால் குற்றமில்லை என்று ஒரு ஊரே கூடிச் சொல்லிவிட்டது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு சாமித்துரையோடு ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. எதிரே வந்தால் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டிருக்கிறேன்.

இடது பக்கத்துக்கு வேறொரு வெள்ளைக் காளை வாங்கிச் செவலையோடு பழக்கினேன். செவலை மூன்று மாதம் மயிலையின் கட்டுத்தறிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வெள்ளையோடு சேர்ந்துகொண்டது. பங்குனிக்குள் சோடி நன்றாக ஓடத் தொடங்கிவிட்டது. நாக்குச் சத்தம் ஒன்றுக்கே பறக்கும்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் விடிவதற்கு முன்பே ஊர் வண்டிகள் அத்தனையும் பருத்தி ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டன. ஆம்பளைகளில் பாதிப் பேர் வண்டியோடு போய்விட்டார்கள். எனக்குப் பருத்தி இன்னும் இரண்டு எடுப்புப் பாக்கி இருந்ததால் நான் போகவில்லை. காலை பத்தரை பதினொன்று இருக்கும். சாமித்துரை குவித்து வைத்திருந்த தன் படப்பிலிருந்து மாட்டுக்குச் சோளத்தட்டை உருவியிருக்கிறான். தட்டைக்குள் கண்ணாடி விரியன் கிடந்திருக்கிறது. வலது கையில், மணிக்கட்டுக்கு மேல் போட்டுவிட்டது.

அவன் பெண்டாட்டி பாண்டியம்மாள் தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். “அண்ணாச்சி, அவியளப் பாம்பு கடிச்சிட்டு. ஊருல ஒரு வண்டி இல்ல. ஒங்க வண்டிய விட்டா நாதி இல்ல அண்ணாச்சி” என்றாள். நான் அவளை முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. அழாதே, வண்டி பூட்டியாயிற்று என்று நினைத்துக்கொள் என்றேன். உடனே பூட்டினேன். வைக்கோல் பரப்பினேன், கோணி விரித்தேன், தலைக்கு என் வீட்டுத் தலையணையையே கொடுத்தேன். பாம்பு கடித்தவனுக்கு வண்டி தர மறுத்தான் என்று என்னைப் பற்றி எந்த நாக்கும் சொல்ல முடியாது. நீங்கள் இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

பதினொன்றேகாலுக்குக் கிளம்பினோம். தங்கச்சாமி கையில் கடிகாரம் கட்டியிருந்தான், அதனால் நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோவில்பட்டி பஸ் பன்னிரண்டு மணிக்கு விலக்கில் வந்து நிற்கும். அதை விட்டால் அடுத்தது மூன்றரைக்கு. நாற்பத்தைந்து நிமிஷம், நாலு மைல். என் மாடுகளுக்கு அரை மணி போதும் என்பது வண்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால் சாமித்துரைகூட அந்த வலியிலும் கொஞ்சம் தைரியமாகத்தான் இருந்தான். தலையை என் பக்கமும் காலைப் பின்பக்கமும் வைத்துப் படுத்திருந்தான். பாண்டியம்மாள் ஒரு பக்கமும் தங்கச்சாமி ஒரு பக்கமும் அவனைத் தாங்கிக்கொண்டார்கள்.

நுகத்தில் மாட்டைப் பூட்டும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் செய்தது என்று எழுதிவிடாதீர்கள். கோபமெல்லாம் கார்த்திகையிலேயே அடங்கிவிட்டது. கை வைப்பதில்லை என்று மட்டும்தான் நினைத்தேன். அவன் மேலும் கை வைப்பதில்லை, மாட்டு மேலும் கை வைப்பதில்லை.

ஆனால் மாடுகள் நினைத்தது வேறு. வண்டியில் ஒரு ஆள் முனகுவதும் ஒரு பெண் அழுவதும் மாட்டுக்குத் தெரியும் சார். ஊரைத் தாண்டியதுமே, நான் சத்தம் கொடுக்காமலே, செவலை ஓட்டம் எடுத்துவிட்டது. செவலை ஓடினால் வெள்ளையும் ஓடும். நான் பிடிகயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்துப் பிடித்தேன். மடியில் துண்டை விரித்துப் போட்டு, அதற்கு அடியில் கைகளை வைத்துக்கொண்டேன். பின்னால் இருந்து பார்ப்பவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். முதுகை நான் நேராகவே வைத்திருந்தேன்.

ரொம்பவும் மெதுவாகப் போகவும் கூடாது. போனால், இறக்கிக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று தங்கச்சாமி கிளம்பிவிடுவான். நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் ஒரு போக்கு இருக்கிறது. சக்கரச் சத்தம் குறையாது, வண்டி குலுங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு வேகமாகப் போகிற மாதிரியே இருக்கும். அப்படிப் பிடிப்பதற்கு அனுபவம் வேண்டும். எனக்கு அது இருந்தது.

ஓடை மணலைத் தாண்டும்போது தங்கச்சாமி கீழே குதித்து ஒரு உடைமரக் கம்பை ஒடித்துக்கொண்டு வந்தான். “எலே, அந்தக் கம்ப கீழ போடு” என்றேன். “எம் மாட்டு மேல ஒரு அடி விழுந்துச்சு, இங்கனயே அவுத்து விட்டுருவேன்.” அவன் என்னையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தான். மண்கட்டி எறிந்த அன்றைக்கு நான் தெருவில் சொன்னதை அவன் மறந்திருக்கமாட்டான். கம்பைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான். பாண்டியம்மாள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“அண்ணாச்சி, ஒரே ஒரு அடி. ஒங்க தங்கச்சியா நெனச்சுக்கிடுங்க. ஒங்க கால்ல விழுதேன், ஒரே ஒரு அடி அடிங்க.”

“அடிச்சு ஓட்டி எனக்குப் பழக்கம் இல்ல தாயி” என்றேன். அது உண்மைதானே.

ஓடை தாண்டினால் விலக்கு வரைக்கும் நேர்ப்பாதை, ஒன்றரை மைல். அங்கே தங்கச்சாமிக்கு ஒரு யோசனை வந்தது. “நான் முன்ன ஓடிப் போயி பஸ்ஸ நிப்பாட்டுதேன் அண்ணாச்சி. நீங்க வந்து சேருங்க” என்றான். நல்ல யோசனை. ஓட்டத்தில் அவன் கெட்டிக்காரன், ஓடியிருந்தால் நிறுத்தியிருப்பான். நான் திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: “பொறுலே, நேரம் கெடக்கு. அவனுக்குக் கண்ணு சொருகுது பாரு. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் இருந்து முழிக்க வையுங்க. தூங்க விட்டா போச்சு.” பாம்பு கடித்தவனைத் தூங்கவிடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் அண்ணன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளங்காலைத் தேய்க்கத் தொடங்கினான். நேரம் கிடக்கிறது என்று நான் சொன்னது பொய் இல்லை. அந்தச் சமயத்தில் நேரம் கிடக்கத்தான் செய்தது.

நான் பொய் சொன்னது ஒரே ஒரு இடத்தில்தான். பாண்டியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, செவலைக்கு மூக்குல ரத்தம் வருதே” என்றாள். நான் பார்த்தேன். மூக்கணாங்கயிறு சதையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. ரத்தம் கயிற்றோடு வழிந்து நுகத்தடியில் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நான் பிடித்த பிடிக்கு அடங்கிவிட்டது. செவலை மட்டும் அடங்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தலையை முன்னால் தள்ளி ஓடப் பார்த்தது. தன்னோடு நுகத்தில் நடந்த மயிலைக்காகத்தான் இது என்று அதற்குப் புரியும் என நினைத்தேன். புரியவில்லை. வாயில்லாத ஜீவன், எப்படிப் புரியும். “பழைய புண்ணும்மா” என்று பாண்டியம்மாளிடம் சொன்னேன்.

சாமித்துரைக்குத்தான் புரிந்தது. தலை என் பக்கம் இருந்ததால் அவனுக்கு என் கை தெரிந்தது. துண்டு காற்றில் ஒதுங்கியிருக்க வேண்டும். அவன் கண் என் மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிற்றிலேயே நின்றது. ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியிருந்ததால் பேச்சு குழறியது. சக்கரச் சத்தத்தில் மற்ற இரண்டு பேருக்கும் கேட்டிருக்காது.

“அண்ணாச்சி, கயித்த விடுங்க” என்றான்.

நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மயிலைக்காவா?” என்றான். பிறகு சொன்னான்: “அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு ஓடியாந்து சத்தம் குடுத்தேன் அண்ணாச்சி. மதினி இருந்தாவ. நீங்க இல்ல. நான் திரும்பிப் போயி நின்னேன். கிட்டப் போனா முட்ட வருது. கல்ல எடுத்து எறியவும் பயமா இருந்துச்சு. ஒங்களுக்குத்தான் பயந்தேன்.”

சாகப் போகிறவன் எதையும் சொல்வான். கயிற்றை விடவைப்பதற்கு அவனுக்கு ஏதாவது ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஊர்க்கூட்டத்தில் இதை ஏன் சொல்லவில்லை? கை வைத்தேனா, கை வைத்தேனா என்று கேட்கத்தானே அன்றைக்கு வாய் இருந்தது. நான் பிடியை விடவில்லை.

விலக்குக்கு ஒரு பர்லாங் இருக்கும்போது பஸ் வந்து நின்றது தெரிந்தது. தங்கச்சாமி வண்டியிலிருந்து குதித்து, துண்டைச் சுழற்றிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடினான். கண்டக்டர் பார்க்கவில்லை. ஒரு கிழவி இறங்கினாள், பஸ் கிளம்பிவிட்டது. தங்கச்சாமி ரோட்டு நடுவில் முட்டுக்குத்தி உட்கார்ந்ததை வண்டியிலிருந்தே பார்த்தேன். அப்போது மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்த உடனே மாடுகள் பறந்தன. மிச்ச தூரத்தை ஒரே மூச்சில் ஓடிப் போய் ரோட்டு மேல் நின்றன. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒன்றேகாலுக்கு ஒரு விறகு லாரி வந்தது. அதில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நான் அவர்களோடு போகவில்லை. மாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்ததாம். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். தங்கச்சாமி என் வீட்டு வாசலில் நின்றுதான் அதைச் சொல்லி அழுதான். பஸ் டிரைவரைத் திட்டினான், கண்டக்டரைத் திட்டினான், பருத்தி வண்டிகளைத் திட்டினான். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, ஊரில் நீங்கள் ஒருவராவது வண்டி தந்தீர்களே என்றான். ஊரும் அதைத்தான் சொன்னது. கருத்தையா மாட்டை அடிக்கமாட்டான், அது அவன் கொள்கை, அதற்கு என்ன செய்ய முடியும் என்று கோபாலசாமி எனக்காகப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அதே மனுஷர்தான் இப்போது உங்களிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பாண்டியம்மாள் மட்டும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என் தொழுவத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். செவலைக்கு முன்னால் போய் நின்று அதன் மூக்கைப் பார்த்தாள். நான் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். “பழைய புண்ணு இன்னும் ஆறலையா அண்ணாச்சி?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அன்றோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் புருஷன் மயிலை சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றான், நான் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். நான் அவனைவிட ஒரு விரற்கடைகூட அதிகம் செய்யவில்லை.

செண்பகவல்லி கதவோரம் வந்து நிற்கிறாள், பார்த்தீர்களா. இந்த இடம் வந்ததும் அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். மயிலை செத்த அன்றைக்குச் சாமித்துரை வந்து கூப்பிட்டானா என்று நான் அவளைக் கேட்டதில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்கவில்லை. இரண்டு தடவை அவளாகவே ஏதோ சொல்ல வந்தாள். நான் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டேன். கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். “ஏட்டி, நீ உள்ள போ. சாருக்கு நேரமாவுது.”

அப்படி மலைத்துப்போய்ப் பார்க்காதீர்கள். சாமித்துரையைக் கொன்றது பாம்பு இல்லை, பஸ் இல்லை. நான்தான். யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன், ஒருவரும் கேட்கவில்லை. போலீசுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள். மாட்டை அடிக்காமல் ஓட்டினான் என்று எந்தச் சட்டத்தில் என்னை அடைப்பார்கள் என்று நானும் பார்க்க ஆசைப்படுகிறேன். நாளைக்கே அதே பாதையும் அதே வெயிலும் அதே ஆளும் வந்தாலும் இன்னொரு தடவை கயிற்றைப் பிடிப்பேன். அதில் எனக்கு ஒரு பொட்டு வருத்தமும் கிடையாது.

வருத்தம் இருப்பது செவலையிடம். விலக்கிலிருந்து திரும்பும்போது நான் வண்டியில் ஏறவில்லை. நாலு மைலும் அதன் பக்கத்திலேயே நடந்து வந்தேன். ரத்தம் காய்ந்து ஈ மொய்த்தது. துண்டால் விசிறிக்கொண்டே வந்தேன். புண் ஆற இருபது நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு ஆறு வருஷம் என்னோடு இருந்தது. நான் பிடிகயிற்றைக் கையில் எடுத்தால் போதும், ஒரு தடவை தலையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மாடு என்னைப் பார்த்துப் பயந்தது அந்த ஒன்றுதான்.

பேனாவை எடுங்கள். ஏழாவது கேள்விக்கு ‘உண்டு’ என்று எழுதுங்கள். எழுபத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம், செவலைக் காளைக்கு மூக்கில் என்று தெளிவாகவே எழுதுங்கள். பொய் சொல்லிச் சால்வை போர்த்திக்கொள்கிற ஆள் நான் இல்லை.